அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைக்கு ஏன் இத்தனை மரியாதை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜாஸ், புளூஸ், சோல், ராப் எல்லாம் உலகம் முழுக்க விற்கிற பொழுதுபோக்கு இசை. அதற்குப் பண்பாட்டு முக்கியத்துவம் என்று பெரிய பெயர் கொடுத்து அருங்காட்சியகத்திலும் பல்கலைக்கழகத்திலும் வைத்துப் போற்றுவது எதற்காக? புதிதாகக் கேட்க நினைப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

வழக்கமாக வரும் பதில் செல்வாக்கைப் பற்றியது. ராக் அங்கிருந்து வந்தது, பாப் அங்கிருந்து வந்தது, மின்னணு நடன இசை வகைகளான ஹவுஸ் சிகாகோவிலும் டெக்னோ டெட்ராய்ட்டிலும் கறுப்பின இளைஞர்கள் கையில் உருவானது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த இசையால் மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதோடு அந்தக் கணக்கு நின்றுபோகிறது. படைத்தவர்களுக்கு அது என்ன செய்தது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். பள்ளிக்கூடம், பத்திரிகை, நீதிமன்றம், வாக்குச்சீட்டு எதுவும் கிடைக்காத மக்கள், அவையெல்லாம் செய்யவேண்டிய வேலைகளை இசையிடம் ஒப்படைத்தார்கள். இசை அந்த வேலைகளைச் செய்தும் காட்டியது. அதனால்தான் அதைப் பொழுதுபோக்கு என்ற கணக்கில் மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். அவர்களில் நேரடியாக வட அமெரிக்கா வந்து சேர்ந்தவர்கள் சுமார் 4 இலட்சம்தான். 1860இல் அங்கே அடிமைகளாக இருந்தவர்களோ ஏறத்தாழ 40 இலட்சம் பேர். பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே அடிமையாகப் பிறந்தவர்கள். தாய்மொழி போனது, பெயர் போனது, குடும்பத்தைச் சேர்த்து வைத்திருக்கும் உரிமையும் போனது. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் எழுந்த அடிமைகள் மேளம் கொட்டிக்கொண்டு அணிவகுத்தார்கள். மறு ஆண்டு வந்த சட்டம் மேளத்தையும் கொம்பையும் தடை செய்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையும் அதே சட்டம் குற்றமாக்கியது. மேளமும் எழுத்தும் ஒரே சட்டத்தில் தடைப்பட்டதைக் கவனியுங்கள். செய்தி கடத்தும் கருவிகள் என்று இரண்டையும் கண்டுதான் ஆண்டைகள் அஞ்சினார்கள்.

மேளம் இல்லாத இடத்தில் தொடையும் மார்பும் கையும் காலும் தாளக் கருவிகளாயின. ஜார்ஜியா, தென் கரோலினாக் கடலோரத் தீவுகளில் 'ரிங் ஷவுட்' என்ற வட்ட வழிபாடு வளர்ந்தது. எல்லோரும் வட்டமாக, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில், காலைத் தேய்த்து நகர்வார்கள். கால் மேல் கால் குறுக்கே போனால் அது நடனம், நடனம் பாவம் என்பது தேவாலயத்தின் கணக்கு. ஆகவே கால் குறுக்கிடாமல் ஆப்பிரிக்க வட்டத்தைக் கிறித்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் மட்டும் ஓரளவு விலக்கு. அங்கே காங்கோ சதுக்கம் என்ற திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மேளம் கொட்டி ஆட விட்டார்கள். பிற்காலத்தில் ஜாஸ் அந்த ஊரில் பிறந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்லவும் முடியாது.

இந்த இசையின் எல்லாக் கிளைகளிலும் ஒரு பழக்கம் ஓடுகிறது. ஒருவர் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். மேடை வேறு, கேட்பவர் வேறு என்ற பிரிவு இதில் இல்லை. அங்கே இருக்கிற எல்லோருக்கும் பாட்டில் பங்கு உண்டு. வயல், சிறை, தேவாலயம், ஊர்வலம், பிறகு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெரு என்று இடம் மாறிக்கொண்டே போனது. பழக்கம் மாறவில்லை.

அடிமைகள் பாடியது மகிழ்ச்சியின் அடையாளம் என்று வட மாநிலத்தில் பலர் நம்பினார்கள். தப்பி வந்த அடிமையான பிரடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதைக் கடுமையாக மறுத்தார். துயரம் மிகுந்தபோதுதான் அதிகம் பாடினோம், அடிமை முறை மனிதத்தன்மையையே பறிக்கிறது என்ற முதல் உணர்வு அந்தப் பாட்டுகளில்தான் எனக்குக் கிடைத்தது என்று எழுதினார். எழுத்தறிவு பெற்று, உலகமறிந்த பேச்சாளராக வளர்ந்த ஒருவர் தம் அரசியல் அறிவின் தொடக்கம் பாட்டில் இருந்தது என்கிறார். இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அடிமைகளின் ஆன்மிகப் பாடல்கள், அதாவது ஸ்பிரிச்சுவல்ஸ், எல்லாமே தப்பிப்பதற்கான ரகசிய வரைபடங்கள் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். தானும் தப்பி, மற்ற அடிமைகளையும் தப்புவித்த ஹாரியட் டப்மன் சில பாடல்களை அடையாளக் குரலாகப் பயன்படுத்தினார் என்பதற்கு அவர் காலத்திலேயே எழுதிய பதிவு உண்டு. ஆனால் வழி, நட்சத்திரம், ஆறு எல்லாம் குறித்த முழு வரைபடமாகச் சொல்லப்படும் பாடல் விஷயத்தில் ஆய்வாளர்கள் பலர் ஐயம் கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதை இல்லாமலே பாடல்கள் போதுமான அளவு துணிச்சலானவை. பார்வோனிடம் (பைபிளில் யூதர்களை அடிமையாக வைத்திருந்த எகிப்து மன்னனிடம்) போய் என் மக்களை விடு என்று சொல், என்று ஆண்டையின் காது கேட்கப் பாடுவது சாதாரணமா? பைபிளில் இருக்கும் வரி என்பதால் அதைக் குற்றம் என்று சொல்வது எளிதாக இல்லை.

அடுத்தது கல்லூரி கட்டிய கதை. அடிமை முறைக்கு முடிவு கட்டிய அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1866இல், நாஷ்வில் நகரில் விடுதலை பெற்றவர்களுக்காக ஃபிஸ்க் பள்ளி திறக்கப்பட்டது. ஐந்தே ஆண்டில் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. பொருளாளர் ஜார்ஜ் வைட் 1871 அக்டோபரில் மாணவர் ஒன்பது பேரை அழைத்துக்கொண்டு வடக்கே பாடப் புறப்பட்டார். பெரும்பாலோர் அடிமையாகப் பிறந்தவர்கள். சிகாகோ பெருந்தீ எரிந்த அதே மாதம் அது. கையில் காசில்லாத அந்தப் பிள்ளைகள் தொடக்கக் கச்சேரி ஒன்றில் கிடைத்த ஐம்பது டாலருக்கும் குறைவான தொகையைத் தீயில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் அவர்கள் மேடையில் பாடியவை ஐரோப்பியப் பாணிப் பாடல்கள். பெற்றோர் பாடிய அடிமைக் காலப் பாடல்களைப் பொதுவில் பாட அவர்களுக்கே மனமில்லை. அவை அடிமை நாட்களோடு ஒட்டியவை, பெற்றோருக்குப் புனிதமானவை என்று குழுவில் இருந்த எலா ஷெப்பர்ட் என்ற பெண் பின்னாளில் எழுதினார். அந்தக் காலத்தில் மேடையில் 'கறுப்பர் பாட்டு' என்று மக்கள் பார்த்ததெல்லாம், வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கேலி செய்த மின்ஸ்ட்ரல் கூத்துதான். பிற்காலத்து நிறப் பாகுபாட்டுச் சட்டங்களுக்கு வழங்கிய 'ஜிம் குரோ' என்ற பெயரே அந்தக் கூத்தின் ஒரு பாத்திரப் பெயர். அப்படிப்பட்ட மேடையில் தாயின் பாட்டைக் கொண்டுபோய் வைக்க யாருக்குத்தான் துணிவு வரும்? கடைசியில் ஓஹையோவின் ஓபர்லினில், 1871 நவம்பரில், மெதுவாக அந்தப் பாடல்களை எடுத்தார்கள். கூட்டம் அடங்கிப் போனது. அதன்பின் அமெரிக்க அதிபர் மாளிகை, 1873இல் விக்டோரியா அரசி முன்னிலை என்று பயணம் நீண்டது. திரட்டிய பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. எழுதப் படிக்கத் தடை விதிக்கப்பட்டவர்களின் பாட்டை அவர்களின் பிள்ளைகள் பாடி, அதைக்கொண்டே ஒரு கல்லூரியை எழுப்பினார்கள்.

அங்கே படித்த கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1903இல் வெளியிட்ட கட்டுரை நூலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் சொற்கள் இல்லாமல் ஒரு ஸ்பிரிச்சுவலின் இசைக் குறிப்பை அச்சிட்டார். அமெரிக்கா உலகுக்குக் கொடுத்த ஒரே உண்மையான இசை இதுதான் என்பது அவர் வாதம். செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் 1893இல் நியூயார்க்கில் இருந்துகொண்டு ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தார். அவருக்கு ஸ்பிரிச்சுவல்ஸைப் பாடிக் காட்டியவர் ஹாரி பர்லே என்ற கறுப்பின மாணவர். துவோர்ஷாக்கின் புகழ்பெற்ற சிம்பொனியைக் கேட்பவர்களில் எத்தனை பேருக்கு பர்லேயின் பெயர் தெரியும்?

இனி பார்ச்மன். மிசிசிப்பி மாநிலச் சிறைப் பண்ணை. இந்த இசையைப் பற்றி ஒரே ஓர் இடத்தைச் சொல்லி விளக்கு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநில அரசே பருத்தி விளைவிக்கத் தொடங்கிய பெருநிலம் அது. பெரும்பாலான கைதிகள் கறுப்பர்கள். அடிமை முறை ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் துப்பாக்கிக் காவலின் கீழ் அதே வேலை நடந்தது. நாட்டுப்புற இசையைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் 1947, 1948இலும் பிறகு 1959இலும் அங்கே ஒலிப்பதிவு செய்தார். கோடரி விழும் ஓசைதான் தாளம். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வெட்டிக்கொண்டே பதில் பாடுகிறார்கள்.

அந்தப் பாட்டு என்ன வேலை செய்தது என்று பாருங்கள். ஒரே மரத்தைச் சுற்றி நாலு பேர் கோடரி வீசும்போது தாளம் பிசகினால் ஒருவன் கால் போய்விடும். பாட்டு அவர்கள் உயிரைக் காத்தது. எல்லோரும் ஒரே வேகத்தில் வெட்டுவதால் இளைத்தவன், நோயாளி தனியாகக் காவலன் கண்ணில் பட்டுச் சாட்டையடி வாங்கமாட்டான். எடுத்துக் கொடுப்பவனுக்கு இனிய குரல் தேவையில்லை. பிசகாத தாளமும், கூட்டத்தின் மூச்சு எந்த அளவுக்குத் தாங்கும் என்ற கணிப்பும் வேண்டும். பேச்சில் சொன்னால் அடி விழும் சொற்களைப் பாட்டில் சொல்ல முடிந்தது. காவலனைப் பற்றியும் நீதிபதியைப் பற்றியும் அவர்கள் முன்னாலேயே பாடினார்கள்.

1959 பதிவில் ஜேம்ஸ் கார்ட்டர் என்ற கைதி மற்றவர்களோடு சேர்ந்து, ஷெரீப் (மாவட்டக் காவல் தலைவர்) வேட்டையாடும் லாசரஸ் என்பவனைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். நாற்பது ஆண்டுக்குப் பின், 2000இல், ஒரு ஹாலிவுட் படத்தின் தொடக்கத்தில் அது ஒலித்தது. அந்தப் படத்தின் இசைத்தொகுப்பு பல இலட்சம் விற்று, 2002இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதும் வாங்கியது. சிகாகோவில் வாழ்ந்துகொண்டிருந்த முதியவர் கார்ட்டரைத் தேடிப் பிடித்து ஒலிப்பதிவுரிமைப் பணமாக ஏறத்தாழ 20,000 டாலர் காசோலையைக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டைப் பாடியதே அவருக்கு நினைவில் இல்லை. தேடிப் போய்க் கொடுத்தவர்களை மதிக்கிறேன். ஏனென்றால் இப்படித் தேடிப் போனவர்கள் மிகக் குறைவு.

புளூஸும் இந்த மண்ணில்தான் வளர்ந்தது. மிசிசிப்பி டெல்டாவின் சன் ஹவுஸ், புக்கா வைட் இருவருமே பார்ச்மனில் கிடந்தவர்கள். புளூஸில் பாடுபவர் பெரும்பாலும் ஒருவர்தான். ஆனாலும் பழைய பழக்கம் விடவில்லை. ஓர் அடியைப் பாடுகிறார், கிதார் பதில் சொல்கிறது. அதே அடி மறுபடி, கிதார் மறுபடி. மூன்றாவது அடியில் முடிச்சு அவிழ்கிறது. பன்னிரண்டு தாளச் சுற்றுக்குள் இது முடியும். மேற்கத்திய சுரவரிசையின் மூன்றாம், ஏழாம் சுரங்களைச் சற்றுக் கீழே இழுத்து, பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும் இடத்தில் பாடுவார்கள். 1867இல் அடிமைப் பாடல்களை முதன்முதலாகத் தொகுத்து அச்சிட்டவர்கள், இந்தச் சறுக்கலை எங்கள் குறியீட்டில் எழுத முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அவர்கள் திணறல் நன்றாகவே புரியும்.

1920இல் மாமி ஸ்மித் பாடிய புளூஸ் இசைத்தட்டு எதிர்பாராத அளவில் விற்றபோதுதான், கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்று நிறுவனங்களுக்குத் தெரிந்தது. உடனே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனி வரிசை போட்டுப் பிரித்துவைத்தார்கள். அந்தப் பெயர் 1949 வரை விற்பனைப் பட்டியல்களில் இருந்தது. பிறகுதான் 'ரிதம் அண்ட் புளூஸ்' வந்தது. தொடக்க கால நட்சத்திரங்கள் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் போன்ற பெண்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணவனின் அடி, வீட்டு வாடகை, ஊரை விட்டுக் கிளம்பும் முடிவு என்று அவர்கள் பாடிய விஷயங்களை ஏழைக் கறுப்பினப் பெண்ணின் குரலில் அன்றைய பத்திரிகைகளில் பார்ப்பது அரிது.

அடுத்த அரை நூற்றாண்டில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கும் மேற்கும் நோக்கிப் போனார்கள். இசையும் கூடவே ரயிலேறியது. 1941இல் மிசிசிப்பியின் ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞனை லோமாக்ஸ் பதிவு செய்து, அவன் குரலை அவனுக்கே போட்டுக் காட்டினார். தன் குரலை முதன்முறை வெளியிலிருந்து கேட்ட அவன், நம்மாலும் முடியும் என்று நினைத்தான். 1943இல் சிகாகோ போனான். சத்தம் மிகுந்த மதுக்கூடங்களில் சாதாரணக் கிதார் எடுபடாது, ஆகவே மின்கிதார் பிடித்தான். அவர்தான் மடி வாட்டர்ஸ். அவருடைய 1950ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் பெயரைத்தான் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயராக வைத்துக்கொண்டது.

தேவாலயத்தின் பக்கம் வந்தால் தாமஸ் டார்சியைச் சொல்லவேண்டும். மா ரெய்னிக்குப் பியானோ வாசித்த புளூஸ்காரர். 1932இல் மனைவியும் பிறந்த குழந்தையும் அடுத்தடுத்து இறந்துபோக, அந்தத் துயரத்தில் 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்' என்ற பாடலை எழுதினார். புளூஸின் சறுக்கலையும் தாளத்தையும் தேவனின் சந்நிதிக்குக் கொண்டுபோனதற்காகப் பல தேவாலயங்கள் முதலில் அவரை விரட்டின. இருபது ஆண்டுக்குப் பின் ரே சார்ல்ஸ் அதையே தலைகீழாகச் செய்தார். காஸ்பல் என்ற அந்தத் தேவாலய இசையின் மெட்டில் காதல் பாட்டுப் பாடி, அதற்காகத் திட்டு வாங்கினார். சோல் இசை அப்படித்தான் பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில், 1968இல், மஹலியா ஜாக்சன் பாடியது டார்சியின் அந்தப் பாட்டு.

கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் இசை உற்சாகமூட்டியது என்று எழுதுவார்கள். அந்த வர்ணனை போதாது. 1961இல் பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை மீறிப் பயணம் செய்த விடுதலைப் பயணிகள் நூற்றுக்கணக்கில் மிசிசிப்பியின் ஜாக்சனில் கைதானார்கள். அவர்களில் பெரும்பாலோரை அடைத்தது அதே பார்ச்மனில். அவர்கள் விடாமல் பாடினார்கள். பாட்டை நிறுத்தாவிட்டால் மெத்தையைப் பறிப்போம் என்றார்கள் காவலர்கள். பாடிக்கொண்டே மெத்தைகளைக் கொடுத்துவிட்டு இரும்புத் தகட்டில் படுத்தார்கள். தனித்தனி அறையில் பூட்டப்பட்ட மனிதர்களை, சுவரைத் தாண்டி ஒன்றாக வைத்திருக்க வேறு எந்தக் கருவி அவர்களிடம் இருந்தது?

ஜார்ஜியாவின் ஆல்பனியில் கல்லூரி மாணவி பெர்னிஸ் ஜான்சனை ஒரு கூட்டத்தில் பாட்டெடுக்கச் சொன்னார்கள். பழைய ஸ்பிரிச்சுவல் ஒன்றைத் தொடங்கினார். 'காற்றில் தொல்லை தெரிகிறது' என்ற இடம் வந்ததும், தொல்லையை எடுத்துவிட்டு 'விடுதலை' என்று பாடினார். ஒத்திகை இல்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை. 1962இல் அவர் சேர்ந்து பாடிய ஃப்ரீடம் சிங்கர்ஸ் குழு ஒரே காரில் நாடு முழுக்கச் சுற்றி மாணவர் இயக்கத்துக்குப் பணம் திரட்டியது. ஃபிஸ்க் மாணவர்கள் செய்த வேலை, தொண்ணூறு ஆண்டு கழித்து மறுபடி. அதே ஆண்டு ஜூலையில் டெரல் மாவட்டத் தேவாலயத்தில் வாக்காளர் பதிவுக் கூட்டம் நடந்தபோது ஷெரீப் துப்பாக்கிக்காரர்களோடு உள்ளே வந்து மிரட்டினார். கூடியிருந்தவர்கள் முனகலாகத் தொடங்கி 'வீ ஷால் ஓவர்கம்' பாடினார்கள். சில வாரங்களில் அந்தத் தேவாலயம் எரிக்கப்பட்டது.

அந்தப் பாட்டின் வரலாறே தனியாக எழுதத் தக்கது. 1945-46இல் சார்ல்ஸ்டன் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் தேவாலயப் பாட்டொன்றை மறியலில் பாடினார்கள். அங்கிருந்து டென்னஸியின் ஹைலேண்டர் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. 1959இல் அந்தப் பள்ளியைக் காவல்துறை இரவில் சோதனையிட்டபோது, இருட்டில் உட்கார்ந்திருந்த மான்ட்கோமரிப் பதின்வயதுப் பெண்ணொருத்தி 'நாங்கள் அஞ்சவில்லை' என்ற அடியைச் சேர்த்தாள். நம் பள்ளிகளில் 'ஹம் ஹோங்கே காம்யாப்' என்று பிள்ளைகள் இந்தியில் பாடுவது இதே பாட்டைத்தான். சுருட்டுத் தொழிலாளிப் பெண்களிடமிருந்து அது வந்தது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பணம் எங்கே போனது என்பதைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பாராட்டி மட்டும் எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் வந்தது. அதில் வாசித்தவர்கள் வெள்ளையர்கள். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில், காட்டன் கிளப் என்ற கேளிக்கை விடுதியில் ஜாஸ் இசையமைப்பாளர் டூக் எலிங்டன் வாசித்தார். ஆனால் பார்வையாளர் இருக்கைகள் வெள்ளையருக்கு. வெள்ளையரான ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டான 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை எழுதிப் பாடியவர் ஆர்தர் குருடப். உரிய தொகை கைக்கு வராமலே 1974இல் இறந்தார். தனிமனிதப் பேராசை மட்டும் இதற்குக் காரணமில்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் எழுதப்பட்ட மெட்டையும் சொல்லையும் காத்தது. தாளத்தின் நடை, குரலின் சறுக்கல், கூட்டமாக உருவாக்கிய வடிவம் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. கறுப்பின இசையின் உயிர் இருந்ததோ அங்கேதான். ஜேம்ஸ் பிரவுன் குழுவின் கிளைடு ஸ்டபிள்ஃபீல்ட் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் வாசித்த சில நொடித் தாளம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. பாட்டாசிரியர் பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் உரிமைத்தொகையும் இல்லை.

அரசும் இந்த இசையைப் பயன்படுத்திக்கொண்டது. சோவியத் ஒன்றியத்தோடு போட்டி நடந்த 1950களில் ஜாஸ் கலைஞர்களைத் தூதர்களாக உலகம் சுற்ற அனுப்பினார்கள். 1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவரை விடாமல் தடுத்தபோது, லூயி ஆம்ஸ்ட்ராங் தம் சோவியத் பயணத்தை மறுத்து, என் மக்களை இப்படி நடத்தும் அரசு நரகத்துக்குப் போகட்டும் என்று செய்தியாளரிடம் சொன்னார். எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறார், வெள்ளையருக்குப் பணிந்தவர் என்று அவரைக் குறைத்துப் பேசியவர்கள் இதை நினைவில் வைத்திருக்கவேண்டும். 1963இல் எலிங்டன் அப்படியொரு பயணத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் வந்து வாசித்தார். இரண்டு ஆண்டு கழித்து, அவருக்குப் புலிட்சர் சிறப்பு விருது தரலாம் என்று நடுவர்கள் பரிந்துரைத்ததை வாரியம் தள்ளிவிட்டது. அப்போது வயது அறுபத்தாறு. இவ்வளவு இளம் வயதில் நான் மிகவும் புகழ்பெற்றுவிடக் கூடாது என்று விதி நினைக்கிறது போலும் என்றார். 2018இல் ராப் கலைஞர் கெண்ட்ரிக் லமாருக்கு இசைக்கான புலிட்சர் கிடைத்தது.

ராப் பிறந்த ஹிப் ஹாப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். 1973 ஆகஸ்ட் 11, பிராங்க்ஸ், செட்ஜ்விக் அவென்யூ 1520. சின்டி கேம்பல் ஏற்பாடு செய்த விருந்தில் அவர் அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டு போட்டார். பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் வரும் சில நொடிகளில்தான் கூட்டம் உச்சமாக ஆடுகிறது என்று கவனித்தவர் அவர். ஒரே தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழலியில் மாற்றி மாற்றிப் போட்டு அந்த நொடிகளை நீட்டும் முறை அவரிடமிருந்து வந்தது. வாத்தியம் வாங்க வழியில்லாத பிள்ளைகள், அப்பா அம்மாவின் பழைய இசைத்தட்டையே வாத்தியமாக்கினார்கள். மைக் பிடித்தவர் கேட்க, கூட்டம் பதில் சொன்னது. ரிங் ஷவுட்டின் வட்டம் அங்கே நடனக்காரர்களைச் சுற்றி மறுபடி உருவானது.

தமிழுக்கு அது வந்த வழியும் தெளிவானது. மலேசியாவில் யோகி பி. குழுவினர் 2006இல் வெளியிட்ட தொகுப்பு தமிழ் ராப்பைப் பெரிய அளவில் பரப்பியது. சென்னையில் 2018இல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் பறையையும் ராப்போடும் ராக்கோடும் சேர்த்து, இடஒதுக்கீடு, மலக்குழி மரணம், சாதி என்று பாடியது. அமெரிக்கத் தாளத்தை இரவல் வாங்கியது அதில் சின்ன விஷயம். எழுத்தும் அதிகாரமும் கைக்கு வராதவர்கள் பாட்டிடம் என்னென்ன வேலை வாங்கலாம் என்ற பாடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு: பட்டியலாகப் போடாமல் மூன்றே மூன்று சொல்கிறேன். முதலில் ஜேம்ஸ் கார்ட்டரும் கைதிகளும் பாடிய அந்த 'போ லாசரஸ்'. கோடரி ஓசையை மட்டும் ஒருமுறை பின்தொடருங்கள். அடுத்து பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிவு செய்த 'டார்க் வாஸ் த நைட்'. சொல்லே கிடையாது, முனகலும் கிதாரும்தான். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்த தங்க இசைத்தட்டில் இதுவும் இருக்கிறது; பாடியவர் 1945இல் டெக்சாஸில் வறுமையில் செத்தார். மூன்றாவதாக 'ரெஸ்பெக்ட்' பாட்டின் இரண்டு பதிவுகள். ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடியதில், சம்பாதித்து வீடு திரும்பும் ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கிறான். 1967இல் அரீதா பிராங்க்ளின் அதே பாட்டை எடுத்துப் பெண்ணின் வாயில் வைத்தார். தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடம் ரெடிங்கிடம் கிடையாது, அரீதா சேர்த்தது. பின்பாட்டுப் பாடுபவர்கள் அவர் சகோதரிகள் எர்மாவும் கரோலினும். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டு, அந்தச் சகோதரிகள் எந்த இடத்தில் நுழைகிறார்கள், அரீதாவின் கோரிக்கைக்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.